எளிமையின் கணக்கு: ஹென்றி டேவிட் தோரோவின் வாழ்க்கை

முந்தைய தலைமுறையில் பல வீடுகளின் சமையலறை அலமாரியில் ஒரு கணக்கு நோட்டு இருக்கும். பால், மளிகை, மண்ணெண்ணெய், சலவைக்குப் போட்ட துணி என்று அன்றாடச் செலவுகள் பைசா விடாமல் அதில் ஏறும். அதை எழுதிய பெண்மணிகள் தத்துவம் பேசியதில்லை. ஆயினும் மாதக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டும்போது எது தேவை, எது ஆசை என்ற விவேகம் அவர்களுக்குத் தானாகவே பிறந்தது.

1845-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் இளைஞர் இத்தகைய கணக்கு ஒன்றை எழுதத் தொடங்கினார். ஏரிக்கரைக் காட்டில் தம் கையாலேயே ஒரு குடிலைக் கட்டி, தோட்டம் போட்டு, தாமே சமைத்து உண்டு வாழ்ந்தார் அவர். குடிலுக்கு ஆன மொத்தச் செலவு 28 டாலர் 12½ சென்ட். அரை சென்ட்டையும் விடாமல் எழுதிய அவர் கஞ்சர் அல்லர். ஒரு பொருளின் உண்மையான விலை பணமன்று, அதைப் பெறுவதற்காக நாம் கொடுக்கும் வாழ்நாளே என்று அவர் கருதினார். பணத்தை வீணாக்கினால் மீண்டும் ஈட்டலாம். வாழ்நாளை அவ்வாறு ஈட்ட முடியாது. எனவேதான் அவ்வளவு கண்டிப்பான கணக்கு.

அவர்தாம் ஹென்றி டேவிட் தோரோ. எளிமையாக வாழ விரும்பித் தம் வீட்டிலேயே சிறு முயற்சிகளைத் தொடங்கும் எவருக்கும் அவரது வாழ்க்கை ஒரு பாடம். அவரது வெற்றிகள் மட்டுமல்ல, தவறுகளும் நமக்கு ஆசிரியர்களாக விளங்குகின்றன.

பென்சில் செய்பவரின் மகன்

தோரோ 1817 ஜூலை 12 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜான், பென்சில் செய்து விற்பவர். தாய் சிந்தியா, வீட்டில் கட்டணத்துக்கு ஆட்களைத் தங்கவைத்து உணவளித்துக் குடும்ப வருவாய்க்குத் துணைசெய்தவர். பெரிய வசதியில்லாத அந்தக் குடும்பம், நான்கு பிள்ளைகளில் ஹென்றியை ஹார்வர்டு கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. 1837-ல் அவர் பட்டம் பெற்றார்.

சொந்த ஊர்ப் பள்ளியிலேயே ஆசிரியர் பணி கிடைத்தது. ஆனால் மாணவர்களை அடித்துத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும் என்று மேலிடம் வற்புறுத்தியது. அது அவரது மனச்சாட்சிக்கு ஒவ்வவில்லை. இரண்டே வாரங்களில் வேலையை விட்டார். பின்னர் 1838-ல் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அண்ணன் ஜானும் அதில் சேர்ந்துகொண்டார். அங்கே அடி கிடையாது. காடும் ஆறும் வயலும் வகுப்பறைகளாயின.

ஹென்றிக்கு ஜான் அண்ணன் மட்டுமல்லர், உயிர்த்தோழரும்கூட. 1839-ல் இருவரும் தாங்களே கட்டிய படகில் ஏறி, கான்கார்டு, மெரிமாக் ஆறுகளின் வழியே பயணம் சென்றனர். 1841-ல் ஜானின் உடல்நலம் குன்றியதால் பள்ளியை மூட நேர்ந்தது. 1842 ஜனவரியில் சவரக் கத்தி பட்டு ஜானின் விரலில் ஒரு சிறு காயம் ஏற்பட்டது. அது வாய்ப்பூட்டு நோயாக முற்றி, சில நாட்களில் அவர் தம்பியின் கைகளிலேயே உயிர் நீத்தார். காயம் ஏதுமின்றியே ஹென்றிக்கும் அதே நோயின் அறிகுறிகள் தோன்றின. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தத் துயரம் பல ஆண்டுகள் உள்ளே கனன்றுகொண்டிருந்தது.

அறிஞர் எமர்சன் அவரை ஆதரித்தார். 1841 முதல் இரண்டாண்டுகள் எமர்சனின் வீட்டில் தங்கி, தோட்டத்தைக் கவனித்து, பழுதுபார்க்கும் வேலைகளைச் செய்து வந்தார் தோரோ. 1844 ஏப்ரலில் மற்றொரு சோதனை வந்தது. நண்பர் ஒருவருடன் காட்டோரம் மீன் சமைப்பதற்காக மூட்டிய நெருப்பு காய்ந்த புல்லில் பற்றி, நூற்றுக்கும் மேற்பட்ட ஏக்கர் காட்டை எரித்துவிட்டது. காட்டைக் கொளுத்தியவர் என்ற பழிச்சொல்லை ஊரார் நெடுநாள் மறக்கவில்லை. அண்ணனை இழந்து, நிலையான தொழிலின்றி, ஊராரின் ஏளனத்துக்கும் ஆளான 26 வயது இளைஞராக அவர் அப்போது இருந்தார்.

இரவல் கோடரி

கான்கார்டு ஊரிலிருந்து ஒன்றரை மைல் தொலைவில் வால்டன் என்ற ஏரி உள்ளது. அதன் கரையில் எமர்சன் 1844-ல் கொஞ்சம் காட்டு நிலம் வாங்கியிருந்தார். அங்கே குடிசை போட்டுக்கொள்ள தோரோவுக்கு அனுமதி கிடைத்தது. அண்ணனோடு சென்ற படகுப் பயணத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி முடிக்க வேண்டும் என்பது அவரது ஒரு நோக்கம். வாழ்க்கைக்கு உண்மையில் எவ்வளவு போதும் என்பதைத் தாமே வாழ்ந்து அறிய வேண்டும் என்பது மற்றொன்று.

1845 மார்ச் மாத இறுதியில் ஒரு கோடரியை இரவல் வாங்கிக்கொண்டு அவர் காட்டுக்குள் சென்றார். பைன் மரங்களை வெட்டி, செதுக்கி, உத்திரங்களைத் தயாரித்தார். வேலை முடிந்தபின், வாங்கியபோது இருந்ததைவிடக் கூராக்கியே கோடரியைத் திருப்பிக் கொடுத்தார். எளிய வாழ்வு என்பது பிறருக்குப் பாரமாவது அன்று என்பதை அந்தக் கூர்முனை சொல்லாமல் சொல்கிறது.

பலகைகளுக்காக ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக்காரரின் குடிசையை 4 டாலர் 25 சென்ட்டுக்கு வாங்கினார். காலின்ஸ் இருப்புப்பாதையில் வேலை செய்த தொழிலாளி. மறுநாள் அதிகாலையில் அந்தக் குடும்பம் தன் உடைமைகள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு சாலையில் நடந்து போவதை தோரோ எதிர்கொண்டார். அவர் விரும்பி ஏற்ற எளிமையை வறுமை அவர்கள்மீது சுமத்தியிருந்தது. இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைப்பது நல்லது. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

பழைய பலகைகளை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து, ஆணிகளைப் பிடுங்கி, புல்லில் பரப்பி வெயிலில் காயவைத்தார். முன்பு ஒரு பிராணி வளை தோண்டியிருந்த மணற்பாங்கான சரிவில், ஆறடிச் சதுரமும் ஏழடி ஆழமும் கொண்ட நிலவறையை இரண்டு மணி நேரத்தில் தோண்டினார். மே மாதம் நண்பர்கள் சிலர் வந்து சட்டங்களைத் தூக்கி நிறுத்த உதவினர். 1845 ஜூலை 4 அன்று, சுவரிடுக்குகள்கூட முழுதாக அடைபடாத நிலையில், அவர் குடிலில் குடியேறினார்.

குடில் பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமும் கொண்டது. இரண்டு சன்னல்களும் பிறர் பயன்படுத்திய பழையவை. புகைபோக்கிக்கு வேண்டிய ஆயிரம் பழைய செங்கற்களுக்கு 4 டாலர், ஆணிகளுக்கு 3 டாலர் 90 சென்ட், கோடு போடும் சுண்ணக்கட்டிக்கு ஒரு சென்ட் என்று அனைத்தும் கணக்கில் ஏறின. கல்லூரி மாணவர் ஒருவர் ஓர் அறைக்கு ஓராண்டில் 30 டாலர் வாடகை கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஓராண்டு வாடகைக்கும் குறைவான தொகையில், வாழ்நாள் முழுதும் தங்கத்தக்க ஒரு வீடு உருவாயிற்று.

வீட்டுக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் எழுதுமேசை, மூன்று நாற்காலிகள், சில பாத்திரங்கள், ஒரு விளக்கு ஆகியவையே இருந்தன. எழுதுமேசைமீது அழகுக்காக மூன்று சுண்ணாம்புக்கற்களை வைத்திருந்தார். அவற்றை நாள்தோறும் தூசு தட்ட வேண்டியிருப்பதைக் கவனித்ததும் அவருக்கு அச்சமே ஏற்பட்டது. மனத்தில் படிந்த தூசு அப்படியே இருக்க, கல்லின் தூசைத் துடைத்துக்கொண்டிருப்பதா என்று எண்ணி அவற்றை வெளியே எறிந்துவிட்டார். பதஞ்சலி முனிவர் யமங்களுள் ஒன்றாக வைத்த அபரிக்கிரகத்தின் பொருள் இதுதான். பொருளைச் சேர்ப்பதில் மட்டுமல்ல, சேர்த்ததைக் காப்பதிலும் நமது கவனம் சிதறுகிறது.

பீன்ஸ் வயல்

குடில் முடியும் முன்பே அவர் அருகிலிருந்த இரண்டரை ஏக்கர் நிலத்தில் பயிரிட்டுவிட்டார். பெரும்பகுதி வெள்ளை நிறச் சிறு பீன்ஸ். ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பட்டாணி, டர்னிப் கிழங்கு. உழுவதற்கு மாடுகளையும் ஆளையும் கூலிக்கு அமர்த்தினார். ஏரைத் தாமே பிடித்தார். அந்தச் செலவு 7 டாலர் 50 சென்ட். அது மிக அதிகம் என்று கணக்கிலேயே குறித்து வைத்தார்.

புதிதாகத் தோட்டம் போடும் எவரும் செய்யும் தவற்றை அவரும் செய்தார்: தம்மால் பராமரிக்கக்கூடியதற்கு மேல் விதைத்தார். பீன்ஸ் வரிசைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் ஏழு மைல் நீளம். கடைசி வரிசையை விதைத்து முடிக்கும் முன்பே முதல் வரிசையில் களை மண்டிவிட்டது. காலை ஐந்து மணி முதல் நண்பகல் வரை களைக்கொத்தோடு நின்றார். எரு ஏதும் இடவில்லை. புழுக்களும் குளிர்ந்த நாட்களும் தொல்லை கொடுத்தன. வளையில் வாழும் வுட்சக் என்னும் பிராணி கால் ஏக்கர் பயிரை மேய்ந்துவிட்டது.

ஒருமுறை ஆத்திரத்தில் அப்பிராணி ஒன்றைக் கொன்று உண்டதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்த வாழ்க்கை முன்னேற முன்னேற, புலால் உணவின் மீது அவருக்கு வெறுப்பு வளர்ந்தது. மனிதகுலம் முன்னேறும்போது விலங்குகளை உண்பதைக் கைவிடும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

அறுவடை முடிந்ததும் கணக்கு போட்டார். 12 புஷல் பீன்ஸ், 18 புஷல் உருளைக்கிழங்கு கிடைத்தன. வரவு 23 டாலர் 44 சென்ட். செலவு 14 டாலர் 72½ சென்ட். மிச்சம் 8 டாலர் 71½ சென்ட். வணிக நோக்கில் இது பெரிய வெற்றியன்று. ஆனால் அவர் வேறொன்றைக் கற்றுக்கொண்டார். மறு ஆண்டு உழவு மாடுகளை அமர்த்தவில்லை. தேவைப்பட்ட ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர் நிலத்தை மட்டும் தம் கையாலேயே கொத்திப் பயிரிட்டார். முதல் ஆண்டைவிட அது நன்றாகவே அமைந்தது. அளவைக் குறைத்ததால் சுதந்திரம் பெருகியது.

ரொட்டியும் அரிசியும்

சமையலையும் அவர் ஒரு பயிற்சியாகவே மேற்கொண்டார். தொடக்கத்தில் வெட்டவெளியில், மரப்பலகைமீது மாவை வைத்து நெருப்பின் முன் ரொட்டி சுட்டார். அதில் புகையின் நாற்றமும் பைன் மரத்தின் வாசமும் ஏறின. கோதுமை மாவையும் முயன்று பார்த்து, இறுதியில் ரை என்ற தானியத்தின் மாவையும் மக்காச்சோள மாவையும் கலப்பதே சிறந்தது என்று கண்டார். மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை ஊரிலிருந்து முறையாக வாங்கி வந்தார். ஒருநாள் கைதவறி அதைக் கொதிக்கும் நீரில் வேகவைத்துவிட்டார். வேறு வழியின்றி அது இல்லாமலே ரொட்டி சுட்டபோது, ஈஸ்ட் தமக்குத் தேவையே இல்லை என்று தெரிந்தது. அன்றிலிருந்து அதைக் கைவிட்டார். இனிப்புக்குப் பூசணியிலிருந்தும் பீட்ரூட்டிலிருந்தும் பாகு காய்ச்சிப் பார்த்தார்.

நமக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. அவரது உணவில் அரிசி முக்கிய இடம் பெற்றிருந்தது. இந்தியத் தத்துவத்தை இவ்வளவு நேசிக்கும் தாம் அரிசியை உண்டு வாழ்வது பொருத்தமே என்று அவர் புன்னகையோடு குறிப்பிட்டிருக்கிறார். முதல் எட்டு மாத உணவுச் செலவு 8 டாலர் 74 சென்ட்.

நில அளவை, தச்சு வேலை, கூலிவேலை ஆகியவற்றால் எஞ்சிய தேவைகளைச் சமாளித்தார். ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்கள் உழைத்தால் தம் வாழ்க்கைச் செலவுகள் அனைத்துக்கும் போதும் என்பது அவர் கண்ட முடிவு. மீதி நாட்கள் அவருடையவை. இந்த இடத்தில்தான் தோரோவின் எளிமை வெறும் சிக்கனத்திலிருந்து வேறுபடுகிறது. மிச்சப்படுத்திய நாட்களை அவர் எதற்குப் பயன்படுத்தினார்?

மிச்சமான நாட்கள்

விடியற்காலையில் ஏரியில் நீராடுவதை அவர் ஒரு சமயக் கடமையாகவே கொண்டிருந்தார். கோடைக்காலக் காலை வேளைகளில் சில நாட்கள் வாசலில் அமர்ந்து, சூரிய உதயம் முதல் நண்பகல் வரை அசையாது சிந்தனையில் ஆழ்ந்திருப்பார். கீழைநாட்டார் செயல்களைத் துறந்து தியானத்தில் அமர்வதன் பொருளை அப்போது உணர்ந்ததாக எழுதினார். சார்லஸ் வில்கின்ஸ் 1785-ல் வெளியிட்ட பகவத்கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை அவர் ஆழ்ந்து கற்றார். நவீன உலகமும் அதன் இலக்கியமும் அந்த நூலின் முன் சிறுமையுற்றுத் தோன்றுவதாக அவர் கருதினார். பின்னர் 1849-ல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் யோகத்தைச் சிரத்தையோடு பயில விரும்புவதாகவும், அரிய சில வேளைகளில் தாமும் ஒரு யோகியே என்றும் தெரிவித்தார்.

அறிவின் தேடலும் நின்றுவிடவில்லை. வால்டன் ஏரிக்கு அடியே இல்லை என்று ஊரார் நெடுங்காலமாக நம்பிவந்தனர். 1846-ன் தொடக்கத்தில் ஏரி உறைந்திருந்தபோது, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பல இடங்களில் ஆழத்தை அளந்தார் தோரோ. மிக ஆழமான இடம் 102 அடி. கேட்டதை நம்பாமல், இறங்கி அளந்து பார்ப்பது அவரது இயல்பு. வாழ்க்கையையும் அவர் அவ்வாறே அளந்தார்.

1846 ஜூலையில், தைக்கக் கொடுத்திருந்த காலணியை வாங்க ஊருக்குள் சென்றபோது அவர் கைது செய்யப்பட்டார். அடிமை முறைக்குத் துணைநிற்கும் அரசுக்குத் தலைவரி செலுத்த மாட்டேன் என்று பல ஆண்டுகளாக மறுத்து வந்ததே காரணம். ஓர் இரவு சிறையில் கழித்தார். அவர் விருப்பத்துக்கு மாறாக யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் விடுவிக்கப்பட்டார். இந்த அனுபவத்திலிருந்து எழுந்த கட்டுரை 1849-ல் வெளிவந்தது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் அதைப் படித்து, 1907-ல் தமது இந்தியன் ஒப்பீனியன் இதழில் அதைப் பற்றி எழுதினார். இழப்பதற்கு அதிகம் இல்லாத எளிய வாழ்வே தோரோவுக்கு அந்தத் துணிவைக் கொடுத்தது. தேவைகள் மிகுந்தவன் அநீதியோடு சமரசம் செய்துகொள்ள நேர்கிறது.

வால்டனும் கங்கையும்

1846-47 குளிர்காலத்தில் நூறு தொழிலாளர்கள் வந்து, உறைந்த வால்டன் ஏரியைப் பாளம் பாளமாக அறுத்துக் கரையில் மலைபோல் அடுக்கினர். அக்காலத்தில் பிரெடரிக் டியூடர் என்ற வணிகர் மாசசூசெட்ஸ் ஏரிகளின் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி, 1833 முதல் கல்கத்தாவுக்கும், பின்னர் சென்னைக்கும் மும்பைக்கும் அனுப்பி வந்தார். அதைச் சேமித்து வைக்க 1842-ல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்டதே ஐஸ் ஹவுஸ். 1897 பிப்ரவரியில் மேலைநாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஒன்பது நாட்கள் தங்கியதும், சுவாமி ராமகிருஷ்ணானந்தர் தம் பணியைத் தொடங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

அந்தக் குளிர்காலத்தில் வால்டனில் அறுத்த பனிக்கட்டியின் பெரும்பகுதி சந்தைக்குப் போகாமலே உருகி ஏரியில் கலந்ததை தோரோவே பதிவு செய்திருக்கிறார். ஆயினும் தம் ஏரியின் நீர் கடல் கடந்து சென்னையிலும் கல்கத்தாவிலும் உள்ளவர்களின் தாகம் தீர்ப்பதை அவர் மனக்கண்ணில் கண்டார். காலையில் கீதையைப் படித்துவிட்டுத் தம் கிணற்றுக்குச் செல்லும் தாம், அங்கே நீர் மொள்ள வந்த ஓர் இந்தியரைச் சந்திப்பதாகக் கற்பனை செய்தார். வால்டன் நீரும் கங்கை நீரும் ஒன்று கலப்பதாக அவருக்குத் தோன்றியது. கான்கார்டு ஊரை விட்டு அதிகம் வெளியே செல்லாத அந்த மனிதரின் உள்ளம் இவ்வளவு விரிந்திருந்தது.

கணக்கில் விடுபட்ட வரி

தோரோவை வணங்குவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. அவரையும் அளந்து பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

நிலம் எமர்சனுடையது. தோரோ அவ்வப்போது ஊருக்குள் சென்று பிறர் வீடுகளில் உணவருந்துவார். தாயின் வீடு ஒன்றரை மைல் நடையில்தான் இருந்தது. அவர் தமது கணக்கில் ஓரிடத்தில் நேர்மையாகக் குறித்திருக்கிறார்: துணி துவைப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியே நடந்தன, அதற்கான கணக்கு இன்னும் வந்துசேரவில்லை. அரை சென்ட்டையும் எழுதிய நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் நிரப்பப்படாமலே இருக்கிறது. சுண்ணக்கட்டிக்கு விலை உண்டு. துவைத்த கைகளுக்கு விலை எழுதப்படவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஒருநாள் மழைக்கு ஒதுங்க ஜான் ஃபீல்டு என்ற அயர்லாந்துக்காரரின் குடிசைக்குச் சென்றார். சதுப்பு நிலத்தைக் கொத்தும் கடின உழைப்பு. மனைவி, பல குழந்தைகள். தேநீர், காபி, வெண்ணெய், பால், இறைச்சி ஆகியவற்றைத் தாம் உண்பதில்லை, ஆகவே அவற்றுக்காக உழைக்க வேண்டியதும் இல்லை என்று தோரோ அவருக்கு எடுத்துரைத்தார். ஜான் ஃபீல்டு பெருமூச்சு விட்டதோடு சரி. தோரோவின் தர்க்கத்தில் பிழையில்லை. ஆனால் அவர் தனியாள். ஜான் ஃபீல்டு பசித்த குழந்தைகளின் தந்தை. பிரம்மசாரியின் அளவுகோலை அப்படியே இல்லறத்தானின் கையில் கொடுக்க முடியாது என்பதால்தான் நம் முன்னோர் ஒவ்வோர் ஆசிரமத்துக்கும் தனித்தனி தர்மத்தை வகுத்தனர்.

இதனால் தோரோவின் சோதனை பொய்யாகிவிடாது. தம் வாழ்க்கை முறையை அப்படியே யாரும் பின்பற்றுவதை அவர் விரும்பவுமில்லை. ஒவ்வொருவரும் தமக்குரிய வழியைக் கவனமாகத் தேடிக்கொள்ள வேண்டும் என்பதே அவர் கருத்து. அவரிடமிருந்து நாம் பெற வேண்டியது 28 டாலர் குடிலை அன்று, கணக்கிடும் நேர்மையை. அந்த நேர்மை, அவர் நிரப்பாமல் விட்ட வரியையும் நிரப்பச் சொல்கிறது.

கரையை விட்ட பின்

இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் வாழ்ந்தபின் 1847 செப்டம்பர் 6 அன்று தோரோ குடிலை விட்டு வெளியேறினார். வாழ வேண்டிய வேறு வாழ்க்கைகளும் தமக்கு இருப்பதாக உணர்ந்ததே காரணம். எளிய வாழ்வின்மீதுகூட அவர் பற்று வைக்கவில்லை.

ஏரிக்கரையில் எழுதிய படகுப் பயண நூல் 1849-ல் வெளிவந்தது. அச்சிட்ட 1000 பிரதிகளில் 706 விற்காமல் 1853-ல் அவரிடமே திரும்பி வந்தன. தோளில் சுமந்து மாடியில் அடுக்கினார். அச்சுச் செலவால் ஏற்பட்ட கடனை உடல் உழைப்பாலும் நில அளவைப் பணியாலும் அடைத்தார். அண்ணனின் நினைவுக்கு எழுப்பிய அந்தக் காணிக்கையை உலகம் ஏற்காதபோதும் அவர் தளரவில்லை. ஏரிக்கரை வாழ்வைப் பற்றிய வால்டன் என்ற நூலை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதி, 1854 ஆகஸ்ட் 9 அன்று வெளியிட்டார்.

1855-ல் ஓர் ஆங்கில நண்பர் இந்திய சாஸ்திரங்கள் தொடர்பான 44 நூல்களை அவருக்குப் பரிசாக அனுப்பினார். ஆற்றில் மிதந்து வந்த மரத்துண்டுகளைச் சேகரித்து, அவற்றைக் கொண்டு தம் கையாலேயே அந்த நூல்களுக்கு அலமாரி செய்தார் தோரோ. தப்பி வந்த அடிமைகளுக்கு உதவுவது, அடிமை முறைக்கு எதிராகப் பேசுவது ஆகிய பணிகளும் தொடர்ந்தன.

1860 டிசம்பரில் பிடித்த சளி, குடும்பத்தைத் தொடர்ந்து வந்த காசநோயாக முற்றியது. இறுதி மாதங்களில் படுக்கையை வீட்டின் முன்னறைக்கு மாற்றச் செய்து, தங்கை சோஃபியாவின் உதவியோடு கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கடவுளோடு சமாதானம் செய்துகொண்டாயா என்று அத்தை ஒருவர் கேட்டபோது, தங்களுக்குள் சண்டை ஏதும் இருந்ததாகத் தமக்குத் தெரியாது என்று அமைதியாகப் பதிலளித்தாராம். 1862 மே 6 அன்று, 44-ஆவது வயதில் அவர் மறைந்தார். கணக்கை நாள்தோறும் சரிபார்த்து வந்தவருக்குக் கடைசி நாளில் தீர்க்க வேண்டிய பாக்கி ஏதுமில்லை.

நம் வீட்டில்

நம்மில் பெரும்பாலோர் காட்டுக்குச் செல்ல முடியாது. செல்ல வேண்டியதும் இல்லை. இரண்டு அறைகள் கொண்ட அடுக்குமாடி வீட்டிலும் இந்தச் சாதனையைத் தொடங்கலாம்.

ஒரு பொருளை வாங்கும் முன், அதற்காக எத்தனை நாள் உழைத்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம். அலமாரியில் அழகுக்காக வைத்தவற்றுள் நமது நேரத்தைத் தின்னும் மூன்று கற்கள் எவை என்று தேடலாம். தோட்டம் போட விரும்புபவர்கள் முதல் ஆண்டிலேயே இரண்டரை ஏக்கர் ஆசையை வளர்க்காமல், ஒரு தொட்டிக் கீரையில் தொடங்கலாம். சமையலில் ஒரு பொருள் தீர்ந்துபோன நாளில், அது இல்லாமலே சமைத்துப் பார்க்கலாம். தோரோவின் ஈஸ்ட்டைப் போல அது தேவையற்றதாகவும் இருக்கக்கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நமது எளிமையின் சுமையை யார் தாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கணவர் எளிய உணவு வேண்டும் என்று முடிவு செய்ய, மனைவி இரண்டு சமையல் செய்ய நேர்ந்தால் அது எளிமையன்று. நமது துணியைத் துவைக்கும் கைகளும் பாத்திரத்தைத் துலக்கும் கைகளும் நமது கணக்கில் இடம்பெற வேண்டும். முடிந்தால் அந்த வேலையில் ஒரு பங்கை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். கர்மயோகம் பல வேளைகளில் தொட்டி முற்றத்தில்தான் தொடங்குகிறது.

அன்பர்கள் இன்றிரவு ஒரு நோட்டை எடுத்து, இன்றைய செலவுகளை எழுதலாம். கடைசியில் ஒரு வரி மட்டும் கூடுதலாக இருக்கட்டும்: இன்று எனக்காக உழைத்தவர்கள் யார் யார்? தோரோ நிரப்பாமல் விட்ட அந்த வரியை நிரப்பத் தொடங்கும்போது, அவரது சோதனை நம் வீட்டில் மேலும் ஓர் அடி முன்னே செல்கிறது.